பேக்கப் இருக்கிறது, அளவு 0 கேபி

கணினி சர்வீஸ் கடைகளில் நாள்தோறும் காதில் விழுகிற வாசகம் இது: "டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகலை சார். ஓஎஸ் மட்டும் புதுசா போட்டிருக்கேன்."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. டி டிரைவில் இருந்த கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து வேலையைத் தொடங்கும்போதுதான் போனது என்னவென்று தெரியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் குலைந்து கிடக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் கோப்பில் தமிழே இல்லை. அந்த எழுத்துருக்கள் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள். ஃபார்மேட் அடித்தபோது அவையும் சேர்ந்து போய்விட்டன.

பிரிண்டருக்கு என்று அளந்து வைத்திருந்த காகித அளவு போயிற்று. தமிழ் 99 விசைப்பலகை போயிற்று. வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. ஆடிட்டர் அலுவலகம் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரைத் தேட வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்ய அன்றைக்குத்தான் கடைசி நாளாக இருக்கும். இவை எதுவும் நம் ஊர் வழக்கில் 'டேட்டா' கணக்கில் சேர்வதில்லை. ஆனால் ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு இயந்திரத்தைத் தன் கைக்குப் பழக்கிய உழைப்பு முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. படத்தையும் கடிதத்தையும் பென் டிரைவில் நகலெடுக்க எல்லோருக்கும் தெரியும். செட்டிங்ஸை நகலெடுக்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு இல்லை.

அப்படி நினைக்காததற்கு நம்மைக் குறை சொல்ல முடியாது. நெடுங்காலம் அந்த வேலையை இயங்குதளமே பார்த்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் சொல்லாமல் நிறுத்திவிட்டது.

ஐந்து கோப்புகளுக்குள் ஒரு கணினி

விண்டோஸின் தொடக்க காலத்தில் அமைப்புகள் எல்லாம் ஐஎன்ஐ என்று முடியும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தன. நோட்பேடில் திறந்து படிக்கலாம், ஃப்ளாப்பியில் ஒரு நகல் போட்டு மேசை இழுப்பறையில் வைக்கலாம். மென்பொருள்கள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. ஒரு கோப்பு 64 கேபியைத் தாண்டினால் சிக்கல். ஒரே கணினியை இரண்டு பேர் பயன்படுத்தினால் யார் அமைப்பு யாருக்கு என்று பிரிக்க வழியில்லை. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியும், 1995-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் 95-உம் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே களஞ்சியத்துக்குள் கொண்டுவந்தன.

இன்றைய விண்டோஸ் கணினியில் அந்தக் களஞ்சியத்தின் பெரும்பகுதி ஐந்து கோப்புகளில் இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்று போனால் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்ற பெயர்களில் அவற்றைப் பார்க்கலாம். எந்த டிரைவர் எப்போது ஏற வேண்டும் என்பது சிஸ்டத்தில். நிறுவிய மென்பொருள்களின் விவரம் சாஃப்ட்வேரில். பயனர் கணக்குகள் சாமில். இவை போக, ஒவ்வொரு பயனருக்கும் தனியாக என்டியூசர் என்றொரு கோப்பு. நீங்கள் எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது, எண்ணாக. இந்தியத் தமிழுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் மொழி எண் 0449, இலங்கைத் தமிழுக்கு 0849. அந்த ஒரு வரி போய்விட்டால் கணினிக்கு நம் மொழி மறந்துவிடும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்ததில் வசதியும் ஆபத்தும் சேர்ந்தே வந்தன. மின்சாரம் சட்டென்று போகும்போதோ, ஹார்டு டிஸ்க்கில் ஒரு புள்ளி பழுதாகும்போதோ சிஸ்டம் கோப்பு கெட்டால், நம் படங்களும் கணக்குகளும் முழுசாக இருந்தும் கணினி எழுந்திருக்காது. எக்ஸ்பி காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை நன்றாக நினைவிருக்கும்: கான்ஃபிக் கோப்புறையில் சிஸ்டம் என்ற கோப்பைக் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது என்று வெள்ளை எழுத்தில் இரண்டு வரி, அவ்வளவுதான். அதிலிருந்து மீளும் வழியை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. பல கட்டங்களாக நீளும் வழி அது. வாடிக்கையாளர் எதிரே காத்திருக்கும்போது எந்தக் கடைக்காரர் அதை முழுக்கச் செய்வார்? ஃபார்மேட்தான் சுலபம் என்ற பழக்கம் நம் ஊரில் வேரூன்ற அந்தத் திரை ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

98-இல் இருந்த ஒரு சொல்

விண்டோஸ் 95 ஒவ்வொரு முறை நல்லபடியாக எழுந்ததும் ரெஜிஸ்ட்ரியின் இரண்டு கோப்புகளையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டது. ஒரே நகல்தான். 1998-இல் வந்த விண்டோஸ் 98 ஒரு படி மேலே போனது. அதில் ஸ்கேன்ரெக் என்றொரு கருவி இருந்தது. தினமும் முதல்முறை கணினியை ஆன் செய்யும்போது அது ரெஜிஸ்ட்ரியைச் சோதிக்கும். நன்றாக இருந்தால் அழுத்தி ஒரு கேப் கோப்பாக்கி, சிஸ்பேக்கப் என்ற மறைவான கோப்புறையில் வைக்கும். ஐந்து நகல்கள் சேர்ந்ததும் மிகப் பழையது போய்ப் புதியது வரும். வேண்டுமானால் எண்ணிக்கையைக் கூட்டியும் கொள்ளலாம்.

கணினி எழவில்லையா? டாஸ் திரைக்குப் போய் ஸ்கேன்ரெக் ரீஸ்டோர் என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் நகல் எடுத்த தேதி, கோப்பின் பெயர், நடுவில் 'ஸ்டார்ட்டட்' என்று ஒரு சொல். அந்த நகலைக் கொண்டு விண்டோஸ் ஒருமுறையாவது வெற்றிகரமாக எழுந்திருக்கிறது என்பது அதன் பொருள். இன்னும் எழுந்து பார்க்காத நகலுக்கு நேரே 'நாட் ஸ்டார்ட்டட்' என்று இருக்கும்.

இதை நான் மிகப் பெரிய விஷயமாக எண்ணுகிறேன். நகல் இருக்கிறது என்பது ஒரு தகவல், அந்த நகல் வேலை செய்யும் என்பது வேறொரு தகவல். இரண்டும் வேறுவேறு என்று உணர்ந்த ஒருவர் அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார். நள்ளிரவில் பதறிப்போய் உட்கார்ந்திருப்பவருக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

என்டி வழிவந்த விண்டோஸில் இதே எண்ணம் வேறு உருவில் இருந்தது. கணினி எழும்போது எஃப்8 தட்டினால் வரும் 'லாஸ்ட் நோன் குட்', அதாவது கடைசியாக நன்றாக இருந்த அமைப்பு. டிரைவர்கள், சர்வீஸ்கள் பற்றிய விவரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாக வைத்துக்கொண்டு, எது கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது என்று ரெஜிஸ்ட்ரியே குறித்துவைத்தது. ஒரு பலவீனம் மட்டும் இருந்தது. பயனர் லாகின் ஆகிவிட்டாலே 'எல்லாம் நலம்' என்று முடிவு கட்டிவிடும். கோளாறான டிரைவரோடு ஒருமுறை உள்ளே போய்விட்டால் அந்தக் கோளாறே நல்ல அமைப்பு என்று பதிவாகிவிடும். விண்டோஸ் 8-இல் அந்த வசதி மெனுவிலிருந்தே போய்விட்டது.

காலியாக இருந்த பெட்டகம்

விஸ்டாவிலிருந்து வேறொரு ஏற்பாடு ஓசையில்லாமல் நடந்துவந்தது. கான்ஃபிக் கோப்புறைக்குள் ரெக்பேக் என்று ஒரு துணைக் கோப்புறை. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை, கணினி சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த ஐந்து கோப்புகளின் நகலும் அதற்குள் வந்து உட்காரும். பயனர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கணினி எழவில்லை என்றால் ரெகவரி திரையில் கட்டளை வரியைத் திறந்து, ரெக்பேக்கில் இருப்பவற்றை ஒரு படி மேலே நகலெடுத்தால் போதும். உலகெங்கும் டெக்னீஷியன்களுக்குக் கைவந்த வைத்தியம் அது.

2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 என்ற பதிப்பு வந்தது. அதன்பின் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஐந்து கோப்புகளும் அதே பெயர்களில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு 0 கேபி. நகலெடுக்கும் பணி என்ன ஆயிற்று என்று டாஸ்க் ஷெட்யூலரில் பார்த்தால், கடைசியாக ஓடியதும் வெற்றிகரமாக முடிந்ததும் பதிவாகியிருந்தன.

ஏதோ பிழை, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் விளக்கம் தந்தது: இது பிழை அல்ல, திட்டமிட்டே செய்த மாற்றம், விண்டோஸ் டிஸ்க்கில் பிடிக்கும் இடத்தைக் குறைப்பதற்காக, ரெஜிஸ்ட்ரி கெட்டால் சிஸ்டம் ரீஸ்டோரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சமான இடம் எவ்வளவு? பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அந்த ஐந்து நகல்களும் சேர்ந்து நூறு எம்பி அக்கம்பக்கம்தான் வரும். 32 ஜிபி சேமிப்போடு விற்ற மலிவான டேப்லெட்டுகளை மனதில் வைத்து எடுத்த முடிவாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும், எடுத்ததை எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும். கோப்புறையை நீக்கியிருந்தால்கூட மக்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். பெயரை விட்டுவைத்து உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று பதிவும் போடுவது பயனரின் நம்பிக்கைக்குச் செய்த தீங்கு. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் 'இது இன்னும் சோதிக்கப்படவில்லை' என்று நாணயமாகச் சொன்ன அதே நிறுவனத்தின் தயாரிப்பு இது என்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பயன்படுத்திக்கொள்ளச் சொன்ன சிஸ்டம் ரீஸ்டோர், பல விண்டோஸ் 10, 11 கணினிகளில் இயல்பாகவே அணைந்து கிடக்கிறது. உங்கள் கணினியில் எப்படி என்று இப்போதே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடுங்கள். வரும் சாளரத்தில் சி டிரைவுக்கு நேரே 'ஆஃப்' என்றிருந்தால், இன்றுவரை நீங்கள் வலையில்லாமல் கயிற்றில் நடந்திருக்கிறீர்கள். கான்ஃபிகர் பொத்தானை அழுத்தி ஆன் செய்து, டிஸ்க்கில் சில விழுக்காடு இடம் ஒதுக்கி, 'கிரியேட்' அழுத்தினால் முதல் ரீஸ்டோர் பாயின்ட் உருவாகிவிடும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பழைய ரெக்பேக்கையும் உயிர்ப்பிக்கலாம். மைக்ரோசாஃப்டே வழி சொல்லியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜருக்குக் கீழே உள்ள கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற இடத்தில் 'எனேபிள் பீரியாடிக் பேக்கப்' என்று டிவேர்ட் வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி, 1 என்று போட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்தால், நகல்கள் மறுபடி சேரத் தொடங்கும். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கப் பழகியவர்கள் செய்துகொள்ளட்டும். மற்றவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யலாம். பிறகு அந்தக் கோப்புறையைத் திறந்து அளவைப் பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

மீட்பது வேறு வேலை

ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியை மட்டும் நகலெடுக்க ரெஜ்எடிட்டில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறது. ஏதாவது மாற்றுவதற்கு முன் இதைச் செய்துகொள்ளச் சொல்லாத வழிகாட்டி இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் அதைத் திரும்ப இம்போர்ட் செய்யும்போது நடப்பது என்னவென்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய மதிப்புகள் பழையபடி திரும்பும். இடையில் புதிதாகச் சேர்ந்தவை அப்படியே இருக்கும். போன தேர்தலின் வாக்காளர் பட்டியலை இந்தத் தேர்தலின் பட்டியலோடு சேர்த்து ஒட்டினால் இடையில் சேர்ந்த பெயர்கள் நீங்கிவிடுமா? அதே கதைதான். நேற்று நிறுவிய மென்பொருள் புகுத்திய வரிதான் தொல்லை தருகிறது என்றால், முந்தாநாள் எக்ஸ்போர்ட் அதைத் தொடாது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி. எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்பு வகைப் பட்டியலில் ரெஜ் கோப்புக்கு மட்டும் இரண்டு வடிவங்கள் இருக்கும். இப்போதைய ஐந்தாம் பதிப்பு வடிவம் யூனிகோடில் சேமிக்கிறது. விண்டோஸ் 98, என்டி 4 காலத்து 'ரெஜ்எடிட் 4' வடிவம் அப்படி அல்ல. தமிழில் பெயரிட்ட கோப்புறையோ பயனர் பெயரோ உள்ள அமைப்புகளை அந்தப் பழைய வடிவத்தில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும். தேர்வைக் கவனித்து அழுத்த வேண்டும்.

சிஸ்டம் ரீஸ்டோர் இப்படி அரைகுறையாக ஒட்டுவதில்லை. ரெஜிஸ்ட்ரியையும் இயங்குதளக் கோப்புகளையும் குறிப்பிட்ட ஒரு நாளுக்குக் கொண்டுபோகிறது. நம் கடிதங்களையும் படங்களையும் தொடுவதில்லை. அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருளும் டிரைவரும் நீங்கிவிடும். எவையெவை நீங்கும் என்று முன்கூட்டியே காட்ட ஒரு பொத்தானும் அதில் உண்டு. அதை அழுத்திப் பார்க்காமல் முன்னே போகக் கூடாது. ஆனால் ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் செத்தால் அவையும் சாகும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, 60 நாளைத் தாண்டி அவை இருக்காது. கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்கள் முதலில் கைவைப்பதும் இங்கேதான்: 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை, கோப்புகளைப் பூட்டியதோடு, ரீஸ்டோர் பாயின்ட்டுகள் தங்கியிருக்கும் நிழல் நகல்களையும் அழித்தது.

ஆகவே கணினிக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். எதை எடுத்து வைப்பது? தனியாக நிறுவிய டிரைவர்கள் அத்தனையையும் ஒரே கட்டளையில் ஒரு கோப்புறைக்கு எடுத்துத் தர பிஎன்பியூட்டில் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. டோக்கன், பழைய ஸ்கேனர், லேபிள் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்புறை பொன். வைஃபை விவரங்களை நெட்எஸ்எச் எடுத்துக் கொடுக்கும். பாஸ்வேர்டு வெளிப்படையாகத் தெரியும்படியும் எடுக்கலாம் என்பதால், அந்தக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் தேவை. எழுத்துருக் கோப்புறையை அப்படியே நகலெடுக்கலாம். பெரும்பாலான பிரவுசர்களின் பாஸ்வேர்டுகள் மட்டும் கோப்புறையை நகலெடுத்தால் வராது. விண்டோஸ் அவற்றை அந்தக் கணினியின் அந்தப் பயனர் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கம் செய்திருக்கிறது. வேறு கணினியில் வைத்தால் திறக்காது. பிரவுசருக்குள்ளிருந்தே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

லினக்ஸில் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. அங்கே கணினி முழுவதற்குமான அமைப்புகள் பெரும்பாலும் ஈடிசி என்ற ஒரே கோப்புறையில், படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் அப்படித்தான். ஈடிசி கீப்பர் என்ற கருவியைப் போட்டுவிட்டால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறே சேர்ந்துகொண்டு போகும். நிக்ஸ்ஓஎஸ் என்ற இயங்குதளம் இன்னும் துணிச்சலானது: மொத்தக் கணினியையும் விவரிக்கும் அமைப்புக் கோப்பை எழுதிவிட்டால், அதைக் கொண்டு இயங்குதளம் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. புதிய மாற்றம் பிடிக்கவில்லை என்றால், ஆன் செய்யும்போதே பழைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

சாவி எங்கே?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு அமைப்புக் கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அந்த எண்ணிக்கை மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு மிக எளிது: சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் சேஃப் மோடுக்குள் நுழையவே முடியவில்லை. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தது; திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும்; சில நிறுவனங்களில் அந்த எண்களை வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில் நின்றது.

பெரிய நிறுவனங்களின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வீட்டு லேப்டாப்பிலும் டிஸ்க் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. திருடு போனால் நல்லதுதான். ஆனால் மதர்போர்டு போனாலோ விண்டோஸ் எழாமல் போனாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம் என்ற பழைய கைவைத்தியம் இனி பலிக்காது. அந்த 48 இலக்கம் இல்லாமல் ரெகவரி திரையும் உதவாது. அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியாக இருந்தால், அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இலட்சக்கணக்கானவர்கள் புதுக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறுவதற்கு மைக்ரோசாஃப்ட் முன்வைப்பது விண்டோஸ் பேக்கப் என்ற செயலி. ஒன்டிரைவில் 5 ஜிபி இலவச இடத்துக்குள், வால்பேப்பர், வைஃபை, மொழி விருப்பங்கள், ஸ்டார்ட் மெனுவின் வரிசை ஆகியவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பயனுள்ளதுதான். ஆனால் ஸ்டோருக்கு வெளியே வாங்கி நிறுவிய மென்பொருள்களை அது கொண்டுவருவதில்லை. அவற்றின் சின்னம் மட்டும் புதுக் கணினியில் தெரியும். அழுத்தினால் டவுன்லோடு பக்கத்துக்குப் போகும். நம் டிடிபி மையங்களும் கணக்கு அலுவலகங்களும் நம்பியிருப்பது அந்த வகை மென்பொருள்களைத்தான்.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் சென்னை ரிச்சி தெருவிலும் சிறு நகரங்களின் பேருந்து நிலைய மாடிகளிலும், விற்றவர்கள் கைவிட்ட இயந்திரங்களுக்கு உயிர் கொடுப்பவர்கள். ஓஎஸ் போட்டுக் கொடுக்கும்போது இன்னும் கால் மணி நேரம் சேர்த்துச் செலவிடுங்கள். சிஸ்டம் ரீஸ்டோரை ஆன் செய்து முதல் பாயின்ட்டை உருவாக்குங்கள். ஒருமுறை அதற்குத் திரும்பிப் போய், கணினி எழுகிறதா என்று பாருங்கள். டிரைவர் கோப்புறையையும் எழுத்துருக்களையும் டி டிரைவில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். கொடுக்கும் ரசீதின் பின்புறத்தில் ரீஸ்டோர் பாயின்ட்டின் தேதி, அதைச் சோதித்தீர்களா இல்லையா, பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தால் மீட்பு எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கினாலும் தகும்.